கேமராவை எந்த உயரத்தில் வைப்பது? பனியன் கேட்லாக் முதல் மலை ரயில் மாடல் வரை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் படம் எடுப்பது என் தொழில். லீவு நாட்களில் காங்கேயம், தாராபுரம் பக்கம் ஊர்ப் பெரியவர்களின் முகங்களை எடுக்கப் போய்விடுவேன். கொஞ்ச காலமாக மினியேச்சர் மாடல் செய்கிறவர்களுக்கும் எடுத்துக் கொடுக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது என்ன கேமரா, என்ன லென்ஸ் என்பதைத்தான். எனக்கு அதற்கு முன்னால் முடிவாக வேண்டியது வேறு: லென்ஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கப் போகிறது? படம் அமைவதும் அமையாததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கேட்லாக் வேலையில் இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். நிற்கும் மாடலை முழு உருவமாக எடுக்கும்போது, நம் கண் உயரத்திலேயே கேமராவைப் பிடித்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும். டி-சர்ட்டின் அடி ஓரம் வளைந்து தெரியும். துணியை விற்கத்தான் படம், அதனால் துணியின் நடுப்பகுதிக்கு நேராக லென்ஸ் வர வேண்டும். முழு உருவத்துக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைப்பேன். வரிவரியாகப் பின்னிய நெருக்கமான ரிப் துணியில் அலை அலையாகக் கோடு வந்தால் கேமராவை அரை அடி முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். சாதாரண எல்இடி விளக்கில் படத்தில் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடிக்குக் கொண்டுவாருங்கள். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும்.

குழந்தைகள் துணிக்கு நான் தரையில் படுத்துவிடுவேன். ஒரு நாலு வயதுப் பாப்பா காலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவளுடைய அம்மாவை என் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு, நான் குப்புறப் படுத்தபடி "அம்மிணி, இங்க பாரு சாமி" என்றேன். பெரியவர் ஒருத்தர் தரையில் கிடப்பது அவளுக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும். என்னையே உற்றுப் பார்த்தாள், கம்பெனிக்கு வேண்டிய படம் அந்தப் பார்வையிலேயே கிடைத்தது. அம்மாவோ அப்பாவோ கண்ணில் படாத இடத்தில் குழந்தையை நிறுத்தி எடுக்கக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஊர்ப்பக்கம் போனால் பெரும்பாலும் திண்ணையில்தான் எடுப்பேன். ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் மேல் வெயிலை மறைத்துவிடும். வாசலில் விழும் வெளிச்சம் திரும்பி வந்து முகத்தில் மெத்தென்று படும், கண்ணுக்குள்ளும் ஒரு புள்ளி மின்னும். ஸ்டூடியோவில் வெளிச்சத்தை மென்மையாக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸ் வைத்தாலும் அந்த வெளிச்சம் அவ்வளவு சுலபத்தில் வராது.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மாயியை எடுக்கப் போனபோது, பழகிக்கொள்ள ஒரு தம்பியும் கூட வந்திருந்தான். அவன் நின்றுகொண்டே ஆரம்பித்தான். அம்மாயி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, நின்னுக்கிட்டே புடிக்கிறயே, அப்படி ஓரமா உக்காரு. அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து நோவுது" என்றார். அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். அடுத்த படத்திலேயே அவருடைய தோள் இறங்கியிருந்தது, முகவாயும் இயல்பான இடத்துக்கு வந்திருந்தது. மேலிருந்து எடுத்தால் நெற்றி பெரிதாகிறது, கழுத்து நரம்பு இழுக்கிறது என்பதெல்லாம் சரிதான். ஆனால் அண்ணாந்து பார்க்கிறவர் முகத்தில் ஒரு கெஞ்சிக் கேட்கும் பாவனை வந்துவிடுகிறது. எழுபது எண்பது வருடம் காடு தோட்டம் பார்த்து வாழ்ந்த ஒருத்தரை அப்படிக் காட்ட எனக்கு மனசு வராது.

வெள்ளைச் சேலை கட்டிய பாட்டிமார்களுக்கு ஒரு கவனம் வேண்டும். வெள்ளை அதிகமாக இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், முகம் இருண்டு போகும். நான் முகத்தில் மட்டும் அளவெடுத்து, சேலை வெளுத்துப் போகாத அளவுக்கு ஒளியைக் கூட்டுவேன். அப்புறம், ஆறேழு அடி தள்ளியே உட்காருங்கள். கிட்டப் போனால் மூக்கு பெரிதாவது தூரத்தால்தான், லென்ஸால் அல்ல. படத்தை ஃபோனில் காட்டிவிட்டுக் கிளம்பாமல் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த அம்மாயி தன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ற காலத்துக்கு அப்புறம் இதையே பெருசு பண்ணி மாட்டச் சொல்லீருங்க" என்று மருமகளிடம் சொன்னார். அந்த வேலைக்குத் தகுந்த படமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் இப்போதும் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறேன்.

இனி மினியேச்சர் மாடல். கோயம்புத்தூரில் ஃபவுண்டரி வார்ப்புக்கு மரத்தில் பேட்டர்ன் (மாதிரி உரு) செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினைப் பித்தளையில் செய்திருந்தார். அசல் எஞ்சின் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தது. நாலு சிலிண்டர்: ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களுக்கு, இன்னொரு ஜோடி தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பல்சட்டத்தைப் பிடித்து ஏறும் பல்சக்கரங்களுக்கு. இரண்டு ஜோடியையும் தனித்தனியாக அசையும்படி செய்திருந்தார். அதைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அளவு 1:22.5, அதாவது அசலில் 22.5இல் ஒரு பங்கு. மலை ரயில் மீட்டர் கேஜ், தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். இந்த அளவில் 45 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளம் அதற்குப் பொருந்தும். என் கணக்கும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பிளாட்ஃபாரத்தில் நிற்கும் ஆளின் கண் 160 செ.மீ. உயரத்தில் இருந்தால், 22.5ஆல் வகுக்க 7 செ.மீ. வருகிறது. லென்ஸின் நடு அந்த 7 செ.மீ.யில் இருந்தால் மாடல் நிஜ எஞ்சின்போல எழுந்து நிற்கும். அரை அடி ஏற்றினாலே மேசைமேல் வைத்த பொருளாகிவிடும். தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் விழும் என்பது இன்னொரு காரணம். மேட்டுப்பாளையத்தில் அவருடைய மகள் வீட்டு மொட்டை மாடிக்கு மாடலைக் கொண்டுபோனோம். பின்னால் நிஜ நீலகிரி. கேமராவை இறக்கியதும் புகைபோக்கி மலைக்கோட்டுக்கு மேலே ஏறியது.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சட்டப் பாதை, மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். அது படத்தில் வர வேண்டும் என்றார் பெரியவர். 60 செ.மீ. பலகையின் ஒரு முனையை 5 செ.மீ. தூக்கினோம். கேமராவைப் பலகையோடு சேர்த்துச் சாய்க்காமல் மட்டமாகவே வைத்தேன், சாய்த்தால் ஏற்றம் காணாமல் போகும். செங்குத்தாக நிற்கும் ஒரு கம்பம் பக்கத்தில் இருந்தால் சரிவு உடனே புரியும். மலை ஏறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும், அதனால் பெட்டி மேலே, எஞ்சின் கீழே.

சாயங்கால வெயில் ஒன்றே விளக்கு, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. வீட்டுக்குள் எடுத்தாலும் ஒரே விளக்குதான், சூரியன் இரண்டு கிடையாதே. பித்தளை பளபளத்தால் விளக்குக்கு முன்னால் டிரேஸ் பேப்பர் கட்டுங்கள். முழு நீளமும் ஃபோகஸில் வர லென்ஸ் துளையை எஃப்/22 வரை சுருக்க வேண்டாம், படம் மொத்தமாக மசமசவென்று ஆகும். எஃப்/8, எஃப்/11இல் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒட்டவைப்பதே மேல்.

7 செ.மீ. படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரியவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. ஆனா அந்தப் பல்லு தெரியோணுமுங்க" என்றார். அந்த உயரத்திலிருந்து தண்டவாளத்தின் நடு தெரியாது. கேமராவை 20 செ.மீ.க்கு ஏற்றினேன், மலைச் சரிவில் நின்று பார்ப்பது மாதிரி. சட்டத்தின் பற்கள் வரிசையாக வெளிச்சம் வாங்கின. ஒவ்வொரு பல்லையும் அரம் வைத்து ராவியவர் அவர். மேசைக்கு மேலே குனிந்துதான் அத்தனை நாளும் அதைப் பார்த்திருக்கிறார். ஃபிரேம் போட அந்தப் படத்தையே கேட்டார், அதையே கொடுத்தேன்.

இதைவிடச் சின்ன மாடல் வைத்திருப்பவர்களுக்கு: 1:87இல் கண் உயரம் 18 மி.மீ., 1:72இல் 22 மி.மீ. பெரிய கேமரா அவ்வளவு கீழே இறங்காது. ஃபோனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையை ஒட்டும்படி வைத்து எடுங்கள். ஃபோனின் சென்சார் சின்னது என்பதால் முன்னும் பின்னும் கூடுதலாகவே தெளிவாக விழும். கையில் பிடிக்காமல் ஒரு செங்கல்லில் சாய்த்து, டைமர் போட்டு எடுங்கள்.