பழைய பெக் நோட்ஸை வைத்து பார் எழுதி 71 வாங்கினேன், அடுத்து என்ன செய்வது?

மூணு_முடிச்சாச்சு எழுதியது:

அமெரிக்க சி.பி.ஏ. (கணக்காளர் உரிமம்) தேர்வில் எல்லோரும் எழுத வேண்டிய ஃபார் (நிதிக் கணக்கு), ஆடிட் (தணிக்கை), ரெக் (வரி, சட்டம்) மூன்றையும் முடித்துவிட்டேன். நான்காவதாக, நாமே தேர்ந்தெடுக்கும் 'டிசிப்ளின்' பகுதியில் பார், அதாவது பிசினஸ் அனாலிசிஸ் அண்ட் ரிப்போர்ட்டிங், எழுதியதில் 71. இன்னும் நாலு வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, "பாரில் கோட்டை விட்டுட்டேன்" என்று சொன்னால் அம்மா வேறு ஏதாவது நினைத்துக்கொள்வார்.

நடந்தது இதுதான். என் அத்தை மகன் 2022-இல் பெக், அதாவது 2023-உடன் நிறுத்தப்பட்ட பழைய பகுதி, பாஸ் பண்ணியவர். அவருடைய நோட்ஸ் மொத்தத்தையும் எனக்குக் கொடுத்தார், காஸ்ட் அக்கவுண்டிங், கேபிடல் பட்ஜெட்டிங், எகனாமிக்ஸ், ஐ.டி. என்று எல்லாம் அழகான கையெழுத்தில். பெக்கைத்தான் பெயர் மாற்றி பார் என்று வைத்திருக்கிறார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு அதையே இரண்டரை மாதம் படித்தேன். ஹெட்ஜிங் (விலை மாற்ற அபாயத்துக்குக் காப்பு), கன்சாலிடேஷன், அரசாங்கக் கணக்கு எல்லாம் கடைசி பத்து நாளில் ஓட்டமாக ஓடினேன். ஸ்கோர் ரிப்போர்ட்டில் முதல் பகுதி பாஸ் ஆனவர்களுக்குச் சமமாக இருக்கிறது, மற்ற இரண்டும் 'வீக்கர்'.

கேட்க வந்தது மூன்று. அந்த நோட்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாமா? பாரையே திரும்ப எழுதுவதா, இல்லை டி.சி.பி. என்ற வரி டிசிப்ளினுக்கு மாறிவிடுவதா? அப்புறம், வேரியன்ஸ் (திட்டச் செலவுக்கும் நிஜச் செலவுக்கும் உள்ள வித்தியாசம்) கணக்கில் எதிலிருந்து எதைக் கழிப்பது என்று இன்னமும் குழம்புகிறேன், இதை எப்படித்தான் மண்டையில் ஏற்றினீர்கள்? வேலைக்குப் போய்க்கொண்டுதான் படிக்கிறேன், காலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

கடைசி_பெக் எழுதியது:

நான் 2023 டிசம்பரில், பெக் மூடப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு எழுதித் தப்பித்தவன், அதனால் இந்த நோட்ஸ் விஷயத்தில் கொஞ்சம் சொல்லலாம். பெக்கில் 62 மல்டிபிள் சாய்ஸ், 4 சிமுலேஷன் (ஆவணங்களை வைத்துப் போடும் பெரிய கணக்கு), கூடவே 3 எழுத்துக் கேள்வி இருந்தது. அந்த எழுத்துக்கே 15 சதவீதம், சும்மா நல்ல ஆங்கிலத்தில் ஒரு மெமோ எழுதினாலே கொஞ்சம் மார்க் ஒட்டிக்கொள்ளும். பாரில் அது அடியோடு கிடையாது. 50 மல்டிபிள் சாய்ஸ், 7 சிமுலேஷன், பாதிக்குப் பாதி மார்க். ஆளைக் காப்பாற்றிய அந்த மெத்தையை உருவிவிட்டார்கள்.

பெக் செத்தபோது அதன் சொத்தைப் பங்கு பிரித்த மாதிரிதான் ஆயிற்று. ஐ.டி. பெரும்பாலும் ஐ.எஸ்.சி. என்ற இன்னொரு டிசிப்ளினுக்குப் போனது, இன்டர்னல் கன்ட்ரோல் சமாச்சாரம் ஆடிட்டுக்குப் போனது. காஸ்ட் அக்கவுண்டிங், பட்ஜெட், மூலதன அமைப்பு, நிதி மதிப்பீடு, கோசோ என்ற அமைப்பின் ரிஸ்க் மேனேஜ்மென்ட் இவையெல்லாம் பாரின் முதல் பகுதிக்கு வந்தன. ஆகவே அத்தை மகன் நோட்ஸில் ஐ.டி.யையும் மெமோ பக்கங்களையும் கட்டி வைத்துவிடுங்கள், மீதியை வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் உங்களைக் காப்பாற்றியதே அதுதான், பாவம் அவரைத் திட்டாதீர்கள்.

வரவு_செலவு எழுதியது:

மேலே நண்பர் சொன்னது சரி, ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டார். பார் என்பது பெக்கின் வாரிசு இல்லை, ஃபாரின் தம்பி. தேர்வைத் தயாரிக்கும் ஏ.ஐ.சி.பி.ஏ.யின் புளூபிரிண்ட்டை, அதாவது பாடத்திட்டத்தை, இறக்கிப் பாருங்கள், இலவசம்தான். பிசினஸ் அனாலிசிஸ் 40 முதல் 50 சதவீதம், டெக்னிக்கல் அக்கவுண்டிங் 35 முதல் 45, மாநில, உள்ளாட்சி அரசுக் கணக்கு 10 முதல் 20. அதாவது நீங்கள் பத்து நாளில் ஓடியது தேர்வில் ஏறக்குறைய பாதி. அதை அப்படி ஓடியும் 71 வந்திருக்கிறது என்றால், உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் பாஸுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள்.

நானும் முதல் தடவை 68-இல் விழுந்தேன். இரண்டாம் தடவை என்ன மாற்றினேன் என்றால், வீடியோ பார்ப்பதை நிறுத்தினேன். எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் ஜர்னல் என்ட்ரி போட்டுத்தான் படித்தேன். ஹெட்ஜிங்கைப் படித்தால் புரிந்த மாதிரியே இருக்கும், கேள்வி வந்தால் கை ஓடாது. ஃபேர் வேல்யூ ஹெட்ஜ் என்றால் மாற்றம் நேராக லாப நட்டத்துக்குப் போகிறது, கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் என்றால் ஓ.சி.ஐ.யில் (லாப நட்டத்தில் சேராத பிற வருமானம்) போய் உட்கார்ந்து, ஹெட்ஜ் செய்த பரிவர்த்தனை லாப நட்டத்தைத் தொடும்போதுதான் கூடவே இறங்குகிறது. இந்த ஒரு வரியை என்ட்ரியாகப் போட எனக்கு நாலு நாள் ஆனது. வெளிநாட்டு நாணயமும் அப்படித்தான்: டிரான்ஸ்லேஷன் என்றால் வித்தியாசம் ஓ.சி.ஐ.க்கு, ரீமெஷர்மென்ட் என்றால் நெட் இன்கமுக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டுச் சந்தோஷமாக அடுத்த கேள்விக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

வேரியன்ஸுக்கு வருகிறேன். "எதிலிருந்து எதை" என்று கேட்பதே தப்பான வழி. மூன்று தொகையை வரிசையாக எழுதுங்கள். முதலாவது நிஜ அளவு × நிஜ விலை. நடுவில் நிஜ அளவு × ஸ்டாண்டர்ட் விலை. கடைசியாக, செய்த உற்பத்திக்கு அனுமதிக்கப்பட்ட அளவு × ஸ்டாண்டர்ட் விலை. முதல் இரண்டுக்கு இடையே உள்ளது விலை வேரியன்ஸ், பின் இரண்டுக்கு இடையே உள்ளது அளவு வேரியன்ஸ். இடப்பக்கம் பெரிதாக இருந்தால் பாதகம், அவ்வளவுதான். 500 பொருள் செய்தார்கள், ஒன்றுக்கு 2 மணி நேரம், மணிக்கு 20 டாலர் என்பது ஸ்டாண்டர்ட். நிஜத்தில் 1,100 மணி நேரம், மணிக்கு 19 டாலர். மூன்று தொகை: 20,900, 22,000, 20,000. ரேட் வேரியன்ஸ் 1,100 சாதகம், எஃபிஷியன்சி 2,000 பாதகம், மொத்தத்தில் 900 பாதகம். கூலி குறைந்த ஆட்களைப் போட்டால் வேலை இழுக்கும் என்று இந்த எண்களே பேசுகின்றன பாருங்கள், சிமுலேஷனில் கேட்பதும் அந்தக் காரணத்தைத்தான்.

ஒரு கண்ணி வெடி மட்டும் சொல்லிவிடுகிறேன். மெட்டீரியல் விலை வேரியன்ஸை வாங்கும்போதே பிரிக்கிறார்களா, பயன்படுத்தும்போதா என்று கேள்வியில் ஒரு சின்ன வாக்கியம் ஒளிந்திருக்கும். 5,000 பவுண்டு வாங்கி 4,200 மட்டும் பயன்படுத்தியிருந்தால், பவுண்டுக்கு 20 சென்ட் கூடுதல் விலை என்றால், வாங்கும்போது பிரித்தால் 1,000 டாலர் பாதகம், பயன்படுத்தும்போது என்றால் 840. இரண்டு எண்ணும் விடைகளில் இருக்கும், கவலையே வேண்டாம், அதற்காகத்தானே வைக்கிறார்கள்.

டாக்ஸ்_மேசை எழுதியது:

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், மாறிவிடுங்கள். 2024-இல் பார் எழுதியவர்களில் பாஸ் ஆனவர்கள் 40 சதவீதத்தைத் தொடவில்லை, டி.சி.பி.யில் 70-ஐத் தாண்டியது. லைசென்ஸில் எந்த டிசிப்ளின் என்று எழுதப்போவதில்லை. ஒன்றில் தோற்றால் அதிலேயே கிடக்க வேண்டும் என்று விதியும் இல்லை, அடுத்த தடவை வேறு டிசிப்ளின் எடுக்கலாம். ரெக் முடித்த சூடு இருந்தால் டி.சி.பி. அதன் தொடர்ச்சிதான். நான் டாக்ஸ் வேலையில் இருப்பவன், ஐந்து வாரத்தில் முடித்தேன்.

வரவு_செலவு எழுதியது:

நீங்களே சொல்லிவிட்டீர்களே, டாக்ஸ் வேலையில் இருப்பவன் என்று. டி.சி.பி.யின் சதவீதம் உயரமாக இருப்பதற்கு, அதை எடுப்பவர்களில் பலர் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்பவர்கள் என்பதும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். இவர் 71 வரை வந்த ஒன்றை விட்டுவிட்டுப் பார்ட்னர்ஷிப் பேசிஸ் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? ரெக்கில் எவ்வளவு வாங்கினார், எப்போது எழுதினார் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரவு_பத்து_மணி எழுதியது:

சண்டையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தேர்வறைக்கு வாருங்கள். நான் இரண்டு குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்தவள், படிப்பதற்கு நேரம் இல்லாத குறையைத் தேர்வறையில்தான் ஈடுகட்டினேன். மொத்தம் நாலு மணி நேரம், ஐந்து டெஸ்ட்லெட் (கேள்வித் தொகுப்பு). முதல் இரண்டில் 25, 25 மல்டிபிள் சாய்ஸ். அப்புறம் சிமுலேஷன் 2, 3, 2 என்று வரும். மூன்றாவது முடிந்ததும் 15 நிமிட இடைவேளை, அது நேரக் கணக்கில் சேராது, கட்டாயம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். முடித்து மூடிய டெஸ்ட்லெட்டுக்குத் திரும்ப முடியாது. தப்புக்கு மார்க் கழிப்பதும் கிடையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

மல்டிபிள் சாய்ஸ் ஒவ்வொரு செட்டுக்கும் 40 நிமிடம் என்று வைத்தேன். 80 போக மீதி 160 நிமிடம் ஏழு சிமுலேஷனுக்கு. சிமுலேஷனில் ஆறேழு எக்ஸிபிட் கொடுப்பார்கள், மின்னஞ்சல், ஒப்பந்தம், பழைய பட்ஜெட் என்று. எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கேள்விக்கு வந்தால் போச்சு. முதலில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகு அதற்கான தாளைத் தேடுங்கள். அங்கே தரும் ஸ்ப்ரெட்ஷீட் நாம் ஆபீஸில் பழகியது மாதிரியே கை கொடுக்காது, ஏ.ஐ.சி.பி.ஏ.யின் மாதிரித் தேர்வில் போய் முன்னாலேயே பழகிக்கொள்ளுங்கள்.

எந்த டிசிப்ளினாக இருந்தாலும் நினைத்த நாளில் எழுத முடியாது, பொதுவாக ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்றுதான் வாசல் திறக்கும். முதலில் பாஸ் ஆன பகுதியின் கிரெடிட் எப்போது காலாவதி ஆகிறது என்பதையும் உங்கள் மாநில போர்டில் பாருங்கள், பல மாநிலங்கள் 18 மாதத்தை 30 ஆக்கிவிட்டன.

அரசுக் கணக்குக்கு ஒரே ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டேன். நகராட்சி ஆண்டின் தொடக்கத்தில் 6,00,000 டாலருக்குத் தீயணைப்பு வண்டி வாங்குகிறது, ஆயுள் 10 வருடம். ஜெனரல் ஃபண்டில் (அன்றாட வரவு செலவுக் கணக்கு) அது முழுக்கச் செலவு, வண்டி என்று ஒரு சொத்தே அங்கே தெரியாது. அரசு முழுமைக்குமான அறிக்கையில் அது சொத்து, வருடத்துக்கு 60,000 தேய்மானம். அப்படியானால் ஃபண்ட் பேலன்ஸ் மாற்றத்திலிருந்து நெட் பொசிஷன் மாற்றத்துக்குப் போகும்போது 5,40,000 கூட்ட வேண்டும். பத்திரம் வெளியிட்டால் இதற்குத் தலைகீழ்: ஃபண்டில் அது கடனே இல்லை, உள்ளே வந்த பணம். இரண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே வண்டியைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

மூணு_முடிச்சாச்சு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரெக் 76, அதுவும் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, அதனால் டி.சி.பி. வேண்டாம், பாரே எழுதுகிறேன். முதல் கிரெடிட்டுக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஐ.டி. நோட்ஸ் பரணுக்குப் போய்விட்டது. இன்று காலை இரண்டு மணி நேரமும் மூன்றாம் பகுதிதான்.

ஒரு கணக்கு போட்டேன், சரியா பாருங்கள். சொத்து வரி 10,00,000 விதித்தார்கள். ஜூன் 30 ஆண்டு முடிவுக்குள் 9,00,000 வசூல், ஜூலை, ஆகஸ்டில் 60 நாளுக்குள் 40,000, மீதி 60,000 அதற்கப்புறம் வரும், வராக்கடன் இல்லை. ஃபண்டில் வருமானம் 9,40,000. அரசு முழுமைக்குமான அறிக்கையில் 10,00,000. மீதி 60,000-ஐ ஃபண்டில் லயபிலிட்டியாக வைத்தேன்.

இரவு_பத்து_மணி எழுதியது:

எண்கள் மூன்றும் சரி. 60,000 மட்டும் லயபிலிட்டி இல்லை தம்பி, டெஃபர்ட் இன்ஃப்ளோ, அதாவது பின்னால் வருமானமாகப் போகும் தொகை. பேலன்ஸ் ஷீட்டில் தனி வரி. நானும் முதலில் அங்கேதான் வைத்தேன். அதே கணக்கில் 25,000 வராக்கடன் சேர்த்து இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.