2,10,000 கிலோமீட்டர் ஓடிய எஸ்டீம்: டர்போ பொருத்துமுன் இன்ஜினை இறக்க வேண்டுமா?

பாலக்கோட்டு எஸ்டீம்காரர்

வணக்கம். என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டின் மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். மீட்டரில் 2,10,000 கிலோமீட்டர் காட்டுகிறது. சேலம் போய்த் திரும்பும்போது, நான்கு பேர் அமர்ந்து ஏசியும் ஓடினால், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது கியரிலும் வண்டி திணறுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சிறிது நீலப்புகை வருகிறது. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் அளவுக்கு ஆயிலும் குறைகிறது. காரை விற்க மனமில்லாததால், சிறிய டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) ஒன்றை 0.4 பார் அழுத்தத்துக்குப் பொருத்தலாம் என்று எண்ணியிருக்கிறேன். இங்குள்ள மெக்கானிக் ஒருவர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் செட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் போரிங் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது) செய்யாமல் டர்போவைத் தொடவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கிருஷ்ணகிரி லேத் பட்டறை

அளந்து பார்க்காமல் சொன்னால் இருவர் சொல்வதும் ஊகம்தான். காலையில் மட்டும் வரும் நீலப்புகை பெரும்பாலும் வால்வு சீல் இறுகிப்போனதால் வருவது. தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, அடிவாரத்தில் மீண்டும் மிதிக்கும் நொடியில் புகை கிளம்பினாலும் காரணம் அதுவே. ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து புகை வந்தால்தான் ரிங்கையும் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்ற அளவு) பாருங்கள். இந்த இன்ஜினுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ சரியான அளவு. 12க்குக் கீழே இறங்கினாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று பொருள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் கசிவு ரிங் வழியாக, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் வழியாக.

ரிங் மட்டும் மாற்றுவதில் உள்ள சிக்கல் இதுதான்: சிலிண்டர் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேயும். அந்தச் சரிவில் புதிய ரிங் ஒவ்வொரு ஓட்டத்திலும் விரிந்து சுருங்குவதால், அது ஒழுங்காகப் படிவதே இல்லை. சரிவோ வட்டத்தின் கோணலோ 0.10 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், 74 மில்லிமீட்டர் சிலிண்டரை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குப் போரிங் செய்து ஹோனிங் பிடிப்பதை (உட்சுவரைச் சாணைக்கல்லால் தேய்த்துச் சீராக்குவதை) தவிர வேறு வழியில்லை. பிஸ்டன் கைக்கு வந்த பிறகே போரிங் செய்ய வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். வார்ப்புப் பிஸ்டனுக்கும் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனுக்கும் சிலிண்டருக்குள் விட வேண்டிய இடைவெளி வேறு வேறு.

டர்போ வருமென்றால் சூட்டில் ரிங் கூடுதலாக விரியும் என்பதால், ரிங் முனை இடைவெளியையும் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடத்தை) கூட்ட வேண்டும். சாதாரண ஓட்டத்துக்கு 0.30 மில்லிமீட்டர் அளவில் விடும் மேல் ரிங்குக்கு, இந்தச் சிலிண்டரில் 0.40 முதல் 0.45 வரை விடலாம். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்: ரிங்கின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இடித்துக் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்தன, அதற்கு மேலே பிஸ்டன் விளிம்பு ஒரு துண்டாகப் பெயர்ந்திருந்தது.

ஓசூர் டியூனிங்

மேலே சொன்னவற்றோடு ஒன்று சேர்க்கிறேன். தேய்ந்த இன்ஜினில் எரிந்த வாயு ரிங்கைக் கடந்து கிராங்க் கேஸில் (பிஸ்டன்களுக்குக் கீழே உள்ள அறையில்) அழுத்தமாகத் தேங்கும். டர்போவிலிருந்து ஆயில் திரும்புவது ஈர்ப்பினால் மட்டுமே என்பதால், அந்த அழுத்தம் அதைத் தடுத்துவிடும்; ஆயில் டர்போவின் சீல் வழியே கசிந்து புகையும். டர்போ பழுது என்று நினைத்து மாற்றினாலும் புகை நிற்காது. ஆகவே திரும்பும் குழாய் அகலமாகவும், சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்கு மேலே சேரும்படியும், வழியில் எங்கும் பள்ளம் இல்லாமலும் இருக்க வேண்டும்.

டர்போவுக்காகக் கம்ப்ரஷனைக் குறைக்கத் தடிமனான ஹெட் கேஸ்கட் போடுவது மலிவான வழி. ஆனால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள நெருக்கம் போய்விடுவதால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) சில வேளைகளில் கூடவே செய்கிறது. தலையில் குழிவுள்ள பிஸ்டன் போடுவதே அதைவிட மேல். உங்கள் காரின் மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வளிமண்டல அழுத்தம் வரைதான் அளக்கும். பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) வந்தவுடன் அது குருடாகிவிடுவதால், பெரிய இன்ஜெக்டர், சென்சார், ஈசியு (இன்ஜினை இயக்கும் கணினி) ஆகியவற்றுக்கான செலவைக் கணக்கில் சேர்க்காமல் டர்போ வாங்க வேண்டாம். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வந்துவிட்டதால், பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

தர்மபுரி வழக்காடுபவர்

சட்டத்தையும் பாருங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019இல் இதை வலியுறுத்தியது. 15 ஆண்டு கடந்த கார் என்பதால் பதிவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஆய்வு உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

பாலக்கோட்டு எஸ்டீம்காரர்

அனைவருக்கும் நன்றி. கம்ப்ரஷன் பார்த்தேன். நான்கு சிலிண்டர்களில் மூன்றில் 12 முதல் 12.5 வரை; மூன்றாம் எண் சிலிண்டரில் மட்டும் 10தான், அதில் ஆயில் விட்டதும் 12.5க்கு ஏறியது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் காற்று அடித்துக்கொண்டு வருகிறது.

கிருஷ்ணகிரி லேத் பட்டறை

அப்படியானால் ரிங்கும் சிலிண்டரும்தான், இறக்கிவிடுங்கள். கிராங்க் ஜர்னல்களையும் (கிராங்க் தண்டு பேரிங்கில் சுழலும் பகுதிகளையும்) அளந்து, மெயின், பிக் எண்ட் பேரிங்குகளையும் ஆயில் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். மேல் ரிங்குக்கு 0.40 விட்டு இன்ஜினைப் பூட்டி, முதலில் டர்போ இல்லாமலேயே ஓட்டுங்கள். அந்த இடைவெளியால் சாதாரண ஓட்டத்துக்குப் பெரிய குறையில்லை. நீங்கள் இழந்த இழுவையில் பாதிக்கு மேல் இதிலேயே திரும்பிவிடும் என்பது என் கணிப்பு. ரிங் படிவதற்கு மினரல் ஆயில் ஊற்றி, ஐடிலில் நிறுத்தாமல், வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்ட வேண்டும்; மிதமான மிதிப்பில் கணவாய் ஏறுவது அதற்கு நல்லதே. 500 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி, பழைய ஃபில்டரை அறுத்து உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாக இருந்தால் டர்போ பற்றி அப்போது பேசலாம்.