டேங்க்குக்கு ஸ்ப்ரே கேன் போதுமா?

கிக்கர்:
பழைய பைக். டேங்க்கின் மேல்பக்கம் வெயிலில் வெளுத்துவிட்டது, பெட்ரோல் மூடியைச் சுற்றி பெயிண்ட் உப்பியிருக்கிறது, அடியில் தகடுகள் சேரும் தையல் ஓரமாகத் துரு. மட்கார்டுகள் இரும்பு, சைடு கவர் பிளாஸ்டிக். என்னிடம் கம்ப்ரசர் இல்லை, ஷெட் மட்டும் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி ஸ்ப்ரே கேனிலேயே மெட்டாலிக் நீலம் அடித்துவிடலாம் என்று யோசனை. நிற்குமா?

பட்டிக்காரர்:
மட்கார்டில் நிற்கும். டேங்க்கில் நிற்காது. பெயிண்ட் அடிப்பதுதான் எனக்குத் தொழில் என்பதால் பொறாமையில் சொல்வதாக நினைக்க வேண்டாம். சாதாரண கேன் பெயிண்ட் காய்வது என்றால், அதிலிருக்கும் தின்னர் ஆவியாகிப் போவது, அவ்வளவுதான். மறுபடி தின்னர் மாதிரி ஏதாவது பட்டால் மறுபடி இளகும். பெட்ரோல் போடும்போது நாலு சொட்டு சிந்தாத ஆள் உண்டா? மூடிக்குக் கீழே வழிந்த கோடு அப்படியே பதியும், துணியால் துடைத்தால் நிறமும் சேர்ந்து வரும். கேனில் அடித்து என்னிடம் வந்த டேங்க் எல்லாம் அந்த இடத்தில்தான் முதலில் போயிருந்தது.

தகரடப்பா:
அண்ணே, நீங்கள் சொல்வது ஹார்டனர், அதாவது பெயிண்டை இறுக வைக்கும் திரவம், இல்லாத கேனைப் பற்றி. இப்போது டூ-கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து இறுகும் நிறமில்லாத மேல்பூச்சு, கேனிலேயே கிடைக்கிறது. அடியில் ஒரு பித்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே தனியாக இருக்கும் ஹார்டனர் உடைந்து கலக்கும், அப்புறம் நன்றாகக் குலுக்க வேண்டும். உங்கள் ஸ்ப்ரே கன்னில் ஊற்றுகிற கிளியர் இறுகுவதும் இதே முறையில்தான். கலந்த கேனை ஒன்றிரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், உள்ளேயே கெட்டியாகிவிடும். அதனால் டேங்க், கவர் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு அழுத்துங்கள். முழுதாக இறுகும்வரை பெட்ரோல் காட்டாதீர்கள், ஒரு வாரமாவது போகட்டும்.

இன்னொன்று. வேலையில் முக்கால்வாசி உப்புத்தாள் பிடிப்பதுதான். அதில் கம்ப்ரசருக்கு என்ன வேலை?

பட்டிக்காரர்:
உப்புத்தாள் பொதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்பது மெட்டாலிக், மினுங்கும் உலோகத் துகள் கலந்த பெயிண்ட். கேன் மூக்கில் அழுத்தத்தையும் பெயிண்ட் விசிறியாகப் பரவும் அகலத்தையும் நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பாதி தீர்ந்ததும் கேன் குளிர்ந்து அழுத்தம் இறங்கும், துளி பெரிதாகும். டேங்க்கின் வளைவில் ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் வெளுப்பாகவும் மேகம் மேகமாகத் தெரியும். ஒற்றை நிறம் என்றால் இவ்வளவு பேச மாட்டேன்.

தகரடப்பா:
மேகம் விழுவது பெரும்பாலும் கை அவசரப்படுவதால். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது, 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று கேனிலேயே எழுதியிருக்கும். உள்ளே குண்டு உருளும் சத்தம் வந்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள்.

அடிக்கும்போது கையைப் பாருங்கள். டேங்க்குக்கு வெளியே காற்றில் அழுத்தத் தொடங்கி, ஒரே வேகத்தில் கடந்து, மறுபக்கம் வெளியே போன பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். டேங்க்கின் மேலேயே தொடங்கினால் மூக்கில் தேங்கிய முதல் துளி அங்கே விழும். தூரம் 20 முதல் 25 செ.மீ. மணிக்கட்டை வீசாமல் கை முழுவதும் நகர வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சில் அடிப்பூச்சான பிரைமர் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். அதை மூடப் பார்த்தால்தான் வழியும். பூச்சுக்குப் பூச்சு பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கடைசியில் கொஞ்சம் தள்ளி நின்று பனி மாதிரி லேசாக ஒரு சுற்று, மெட்டாலிக் துகள் அதில் சமமாகிவிடும். அதற்கு மேல் உப்புத்தாள் வைக்கக் கூடாது, நேராக கிளியர்தான்.

மழை நாளில், காற்றில் ஈரம் இருக்கும்போது அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுக்கும், பால் ஊற்றிய மாதிரி வெளுக்கும்.

இரட்டைச்சிலிண்டர்:
இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். டூ-கே கிளியரின் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். பெயிண்டர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்குப் பெரிய காரணங்களில் அது ஒன்று. உடம்பு ஒருமுறை அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். நாற்றத்தை வைத்து எச்சரிக்கையாக இருக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே அளவு மீறியிருக்கும். தூசி மாஸ்க் இதற்கு எந்தப் பயனும் இல்லை.

கேட்டவர் ஷெட் என்கிறார். மூடிய ஷெட், உள்ளே ஒரு கேன் டூ-கே. இதைப் போய் "பித்தானை அழுத்துங்கள்" என்று சாதாரணமாகச் சொல்கிறீர்கள். போதாக்குறைக்கு கேனை உந்துகிற வாயு தீப்பிடிக்கக்கூடியது. ஷெட்டில் ஹீட்டரோ சுவிட்சுப் பொறியோ இருந்தால் என்ன ஆகும்?

தகரடப்பா:
அதனால்தான் ஷெட்டில் வேண்டாம், வெளியே அடிக்கச் சொல்கிறேன் :) காற்று ஓடும் திறந்தவெளி, ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரம். கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் அதற்கு முன்னால் துகள் வடிகட்டியும் உள்ள மாஸ்க், கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. தூசி விழும்தான். இறுகிய பிறகு 1500, 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெருகேற்றும் காம்பவுண்ட் போட்டால் போய்விடும். இவ்வளவு பேசுகிறவர்கள் ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்ததுண்டா? கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள்.

இரட்டைச்சிலிண்டர்:
அவர்கள் செய்வது தப்பு என்பதால் நாமும் செய்யலாம் என்றாகாது. மூச்சுக்கான காற்றைக் குழாய் வழியாகத் தனியாக முகமூடிக்குள் வாங்கிக்கொண்டு அடிப்பதுதான் இதற்கு முறை. நீங்கள் சொல்லும் கார்ட்ரிட்ஜ் தாடி வைத்த முகத்தில் ஒட்டாது, அது எப்போது தீர்ந்தது என்றும் உங்களுக்குத் தெரியாது. ஆஸ்துமா இருக்கிறவர் கேனைத் தொடவே கூடாது.

பட்டிக்காரர்:
கைக்குட்டை கட்டி அடிக்கிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், நியாயப்படுத்த மாட்டேன். அதற்காகவே ஒரு வழி சொல்கிறேன். கழற்றுவது, தேய்ப்பது, பிரைமர், நிறம் வரை வீட்டில் செய்யுங்கள். கிளியர் மட்டும் பூத், அதாவது பெயிண்ட் அடிக்கவென்றே உள்ள தனி அறை, வைத்திருக்கிறவரிடம் கொடுங்கள்.

தகரடப்பா:
சொல்வது சுலபம் அண்ணே. வேறொருவர் அடித்த நிறத்தின் மேல் கிளியர் அடிக்க எந்தக் கடையில் ஒத்துக்கொள்வார்கள்? சுருங்கிப் போனால் பழி யாருக்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

பட்டிக்காரர்:
உண்மைதான், நானே அனுப்பியிருக்கிறேன். எனாமல் கேன் அடித்துக் கொண்டுவருவார்கள். என் கிளியரில் இருக்கும் தின்னர் அடியில் இறங்கியதும் பெயிண்ட் சுருக்கம் சுருக்கமாக எழும்பும். அப்புறம் மொத்தமும் சுரண்ட வேண்டியதுதான். எந்த கேன் என்று காலி டப்பாவைக் கொண்டுவந்து காட்டினால், கிளியருக்கு அடியில் போகும் அக்ரிலிக் நிறப்பூச்சு (பேஸ் கோட்) என்று தெரிந்தால், எடுத்துக்கொள்வேன். அடிக்கும் முன்பே போய்ப் பேசிவிட்டு, அவர் சொல்கிற கேனை வாங்குங்கள்.

கிக்கர்:
துருவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பள்ளம் நிரப்பும் பட்டி வைத்து மூடிவிடலாமா?

பட்டிக்காரர்:
மூடாதீர்கள். தையல் ஓரத் துரு பல நேரம் உள்ளிருந்து வருவது. டேங்க் அடியில் தண்ணீர் தங்கும் இடம் அதுதான். வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது பெயிண்ட் வேலையே இல்லை, டேங்க்குக்கு வெல்டிங் செய்கிறவர் பார்க்க வேண்டியது. ஒரு எச்சரிக்கை: பெட்ரோலை இறக்கிவிட்டதால் பயம் போய்விட்டது என்று டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டாதீர்கள். காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கையால் சுரண்டுங்கள்.

மூடியைச் சுற்றி உப்பியதும் அதே கதைதான், பெயிண்டுக்கு அடியில் துரு ஓடியிருக்கும். நல்ல பெயிண்ட் வரும்வரை எடுங்கள். வெறும் தகட்டுக்கு எபாக்ஸி பிரைமர். ஆசிட் பிரைமர் அடித்தால் அதன் மேல் பட்டி வைக்கக் கூடாது, பிடிப்பு போய்விடும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது ஈரத்தைக் குடிக்கும், பின்னால் கொப்பளமாக வரும்.

தகரடப்பா:
இதில் எனக்கு மறுப்பே இல்லை. பழைய பாலிஷில் சிலிக்கான் இருக்கும், தேய்க்கும் முன்பே அதையும் துடைத்தெடுங்கள். இல்லையென்றால் பெயிண்ட் மீன் கண் மாதிரி குழி குழியாக விலகும். சைடு கவர் எந்தப் பிளாஸ்டிக் என்று உட்புறம் எழுதியிருக்கும். பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) என்றால் பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் எதுவும் ஒட்டாது.

கிக்கர்:
சரி, முடிவு இது. இந்த வாரம் மட்கார்டையும் சைடு கவரையும் நானே கேனில் முடிக்கிறேன். டேங்க்கைச் சுரண்டி, தையலைப் பார்த்துவிட்டு, நிறமும் கிளியரும் கடையில்.

தகரடப்பா:
அப்படிப் பிரித்தால் இரண்டு நீலம் வரும் நண்பரே. மெட்டாலிக்கில் கை மாறினாலே நிறம் மாறும்.

பட்டிக்காரர்:
இது சரியான பேச்சு. நிறத்தை எல்லாப் பாகத்துக்கும் ஒரே நாளில், ஒரே லாட் எண்ணுள்ள கேனில் அடியுங்கள். பாகங்களைத் தரையில் படுக்கப் போடாமல், பைக்கில் எந்த நிலையில் இருக்குமோ அப்படியே தொங்கவிடுங்கள். துகள் படியும் திசை மாறினால் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். கிளியர் மட்டும் என்னைப் போன்றவரிடம்.

தகரடப்பா:
கிளியரில் இன்னும் நான் இறங்கி வரவில்லை. திறந்தவெளி, நல்ல மாஸ்க்.

இரட்டைச்சிலிண்டர்:
கிக்கர், தாடி வைத்திருக்கிறீர்களா?

கிக்கர்:
வைத்திருக்கிறேன். எடுக்கவும் மாட்டேன். கிளியர் கடையில்தான்.