‘ஓவர்ரைடு’: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சுங்கை சிப்புட் ஆசிரியை:
அன்பர்களுக்கு வணக்கம். தோட்டக் கோவில் திருவிழா இணையப் பக்கத்தில் என் படிவம் நான்கு மாணவர்கள் நாள்காட்டிச் செருகி (தளத்தோடு இணைக்கும் ‘பிளகின்’) ஒன்றைச் சேர்த்தார்கள். அது தன் பெட்டிக்குள் அடங்காமல், பக்கத்தின் எல்லாத் தலைப்புகளுக்கும் வரி உயரத்தை 1 ஆகக் குறுக்கிவிட்டது. மேல்வரி ‘ழு’வின் அடிச்சுழி கீழ்வரி ‘கி’யின் மேல்விலங்கில் இடிக்கிறது. தளத்தின் இயல்புப் பாணியைச் செருகி இப்படி ‘ஓவர்ரைடு’ செய்யக்கூடாது, அதாவது அடக்கித் தன் விதியைத் திணிக்கக்கூடாது, என்று பாடக்குறிப்பில் எழுத வேண்டும். என்ன சொல் போடலாம்?

ஈப்போ நிரலர்:
மேலெழுதல். முடிந்தது.

தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
முடியவில்லை, தம்பி. மேலெழுதினால் பழையது அழியும். இங்கே செருகியை எடுத்தால் பழைய பாணி திரும்பிவிடுகிறதே! நன்னூல் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆனால் மகரம் கெட்டது. பொற்குடத்தில் னகரம் றகரமாகத் திரிந்தது. நம்முடையது திரிதல். ஆகவே ‘திரிப்பு’.

ஆசிரியை:
ஐயா, மாணவர்கள் செய்தித் திரிப்பு என்றல்லவா நினைப்பார்கள்?

கோலாகங்சார் அன்பர்:
‘மேவல்’ எப்படி?

தமிழாசிரியர்:
மேவுதல் என்றால் விரும்புதல், பொருந்துதல். அடாவடிக்கு அந்தச் சொல்லா?

ஈப்போ நிரலர்:
சொல் கிடக்கட்டும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் பாணித்தாளில் (சிஎஸ்எஸ்) குறிவைப்பு துல்லியமான விதி வெல்லும். இரண்டும் சமமானால் பின்னால் வந்தது வெல்லும். செருகியின் தாள் பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. போதாததற்கு, விதிக்கு முன்னுரிமை தரும் ‘இம்பார்ட்டன்ட்’ முத்திரையையும் குத்திவிடுகிறார்கள். தளக்காரரும் அதையே குத்தித்தான் மீள வேண்டும். லயத்தில் ஓர் அறைக்குக் குடிவந்தவர் வரிசை முழுவதற்கும் சாயம் அடிப்பதுபோல. செருகி தன் பெட்டிக்கு இட்ட வகுப்புப் பெயருக்குள் மட்டும் விதி எழுதட்டும். எழுத்துருவையும் நிறத்தையும் தளத்திடமிருந்தே பெறட்டும். என் வாக்கு இனி ‘மீறல்’.

கோலாகங்சார் அன்பர்:
மீறல் என்றால் குற்றம் ஆகிவிடும். பார்வை மங்கிய வாசகர் தன் உலாவியில் எழுத்தைப் பெரிதாக்க விதி வைத்தால் அதுவும் குற்றமா? 1998இல் வந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பிலிருந்து, முத்திரை குத்திய வாசகர் விதி தளத்தின் முத்திரையையும் வெல்லும். அது அவர் உரிமை.

ஆசிரியை:
வாசகர் தானே செய்வது வேறு, கேட்காமல் செருகி செய்வது வேறு. பாடம் இரண்டாவதைப் பற்றியது. எனவே நிரலர் சொன்ன ‘மீறல்’ என்றே போடுகிறேன்.

தமிழாசிரியர்:
போடுங்கள், அம்மா. நான் ஏற்கவில்லை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அது கிடக்க, ‘செருகி’ என்று யார் சொன்னது? ‘செருகுநிரல்’ அல்லவா?