சூளைக் கதவுக்கான 'செராமிக் பைபர் பிளாங்கெட்': தமிழ்ச் சொல் வேண்டும்

காரைக்குடி:
அன்பர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான சூளைப் பராமரிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சூளைக் கதவின் உட்புறம் வெப்பக் காப்பாக வைக்கும் 'செராமிக் பைபர் பிளாங்கெட்'டுக்கான சொல் ஒன்றுதான் பாக்கி. சரக்கு 25 மி.மீ. தடிமன், 610 மி.மீ. அகலம், கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி, சுருளாக வரும். பட்டறையில் 'பிளாங்கெட்' என்பார்கள், சிலர் 'பஞ்சு' என்பார்கள். பஞ்சு என்று அச்சிட மனம் ஒப்பவில்லை. வெறுங்கையால் பிய்த்துப் போடலாம் என்று பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். 'பீங்கான் இழைப் போர்வை' சரிவருமா?

தேவகோட்டை:
பீங்கான் பாரசீகத்திலிருந்து வந்த சொல் ஐயா. நமக்குச் சூளை புறநானூற்றிலேயே இருக்கிறது. 228ஆம் பாட்டில் குயவனின் சூளைப்புகை வானத்தில் போய் ஊன்றுகிறது. சுடு, சூடு, சூளை, சுள்ளை எல்லாம் ஒரே குடும்பம். நம் வீட்டுச் சுவர்ப்பூச்சின் சுண்ணாம்பும் சுட்டுப் பெறுவதுதான், அதையும் இதே வேரில் வைப்பேன். 'சுடுமண் இழைப் போர்வை' என்று போடுங்கள்.

கோட்டையூர்:
சுண்ணத்தை வடமொழிச் 'சூர்ண'த்தோடு சேர்ப்பவர்களும் உண்டு, அது கிடக்கட்டும். சுடுமண் என்பது பொருளளவிலேயே பிழை. இதை யாரும் வனைந்து சுடுவதில்லை. அலுமினாவையும் சிலிக்காவையும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்து மின்னுலையில் உருக்கி, அந்தக் குழம்பைக் காற்றால் ஊதியோ சுழலும் சக்கரத்தில் விழவிட்டோ இழையாக்குகிறார்கள். இழை 2 முதல் 4 மைக்ரான் பருமன். பிறகு இரண்டு பக்கமும் ஊசியால் குத்திக் கோக்கிறார்கள், பசை கிடையாது. புதிதாக வரும்போது அது கண்ணாடிநிலைப் பொருள்தான்.

ஆத்தங்குடிக் கல்லைப் பலர் சுட்ட ஓடு என்று நினைப்பது போன்ற பிழை இது. அந்தக் கல் சிமெண்டில் வார்த்து, தண்ணீரில் ஊறி இறுகுவது, சூளையையே பார்ப்பதில்லை.

பள்ளத்தூர்:
எனக்குப் 'போர்வை'தான் உறுத்துகிறது. அடுப்பங்கரைத் தீயை மூடி அணைக்கும் துணியைத் தீப்போர்வை என்று ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால், தீப்பிடித்தவர் மேல் இதைப் போர்த்த ஒரு பிள்ளை ஓடும். இழை உடம்பில் ஏறினால் அரிப்பு, மூச்சில் போனால் அதைவிட மோசம். 'விரிப்பு' என்றால் அந்த ஆபத்து இல்லை.

தேவகோட்டை:
ஆச்சி, விரிப்பு தரையில் விரிப்பது. இது கதவிலும் கூரையிலும் தொங்குகிறதே! போர்வை என்றால் சுற்றிப் பொதிவது என்ற பொருளாவது நிற்கும்.

கோட்டையூர்:
தொங்கவில்லை அண்ணே, ஆணியில் நிற்கிறது. 310 தரத் துருவிலா எஃகு ஆணியைக் கதவுத் தகட்டில் பற்றவைத்து, விரிப்பை அதில் குத்தி இறக்கி, வாஷரைப் போட்டுக் கால் சுற்றுத் திருப்பிப் பூட்ட வேண்டும். அடுக்குக்கு அடுக்கு மூட்டு இடம் மாறி வரட்டும். தீப்பக்க அடுக்கில் விளிம்போடு விளிம்பு முட்டும் முட்டுமூட்டு வேண்டாம், 100 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும். சூட்டில் இது 3 சதவீதம் வரை சுருங்கும். ஒரு மீட்டர் துண்டில் 30 மி.மீ. இடைவெளி விட்டுவிடும். அந்த இடுக்கில் வெப்பம் புகுந்துதான் கதவுத் தகடு சிவந்து கோணுகிறது.

'வெப்பத்தடுப்பு' என்றும் எழுதாதீர்கள். வெப்பத்தை இது தடுப்பதில்லை, மெதுவாக்குகிறது. காப்பு என்பதே சரி. பெயரோடு 1,260 டிகிரி என்று சேர்ப்பதும் வேண்டாம். அது வகைப்பாட்டு எண். தொடர்ந்து வேலை செய்யும் வெப்பத்தை 1,100 பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளத்தூர்:
கழற்றும் வேலையையும் கையேட்டில் தனியாகச் சொல்லுங்கள். 1,000 டிகிரிக்கு மேல் வெகுநாள் கிடந்த விரிப்பில் கிறிஸ்டோபலைட் என்ற படிகச் சிலிக்கா உண்டாகியிருக்கும், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சூளை ஆறியபின் நீர் தெளித்து நனைத்து, துகள் வடிகட்டும் முகக்கவசத்தோடு எடுக்க வேண்டும். கைக்குட்டை கட்டினால் போதாது.

காரைக்குடி:
நன்றி. மூவர் 'செராமிக் இழை விரிப்பு' என்கிறோம். அப்படியே அச்சேறும், முதல் பக்கத்தில் 'பட்டறை வழக்கு: பிளாங்கெட்' என்றும் சேர்க்கிறேன்.

தேவகோட்டை:
செராமிக்கை அப்படியே விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. சுடுமண் தப்பென்றால் 'உருக்கிழை' என்றாவது எழுதியிருக்கலாம்.

கோட்டையூர்:
கண்ணாடி இழையும் உருக்கி எடுப்பதுதானே அண்ணே. அதை வாங்கி இந்தக் கதவில் வைத்தால் முதல் சூட்டிலேயே உருகி வழிந்துவிடும்.