'தக்க ஏற்பாடு' – ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களைப் போலவே வேலை செய்யவோ படிக்கவோ அவருக்கென்று செய்துதரும் மாற்றத்தை ஆங்கிலத்தில் 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நம் குழுவில் கேட்டதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன. 'நியாயமான இடவசதி'யை விட்டுவிடலாம். படிப்பவர் விடுதி அறை என்றே நினைப்பார். 'நியாயமான வசதி' பரவாயில்லை. ஆனால் வசதி என்றாலே, இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம் என்றாகிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படி விடவில்லை. இதை மறுப்பதும் பாகுபாடுதான் என்று வரையறையிலேயே சொல்லிவிடுகிறது.

மூன்றாவதாக, குழுவில் அக்கா ஒருவர் சொன்ன 'தகவமைப்பு' அழகான சொல். ஆனால் உயிரியலில் அது சூழலுக்கேற்ப உயிர் தன்னை மாற்றிக்கொள்வது. இங்கே மாற வேண்டியது அலுவலகம், ஆள் அல்ல. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எங்கள் அலுவலகம் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் இரண்டு படி, மொத்தம் 30 சென்டிமீட்டர் உயரம். 1:12 சரிவில் சாய்தளம் போட 3.6 மீட்டர் நீளம் வேண்டும். எங்கள் தெருவில் அதற்கு இடமேது? அதனால் பக்கவாட்டு நடை வழியாக உள்ளே திருப்பிப் போட்டோம், கதவையும் 90 சென்டிமீட்டராக அகலப்படுத்தினோம். இது யார் வந்தாலும் பயன்படும். இதற்கு 'அணுகல்தன்மை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, சரி.

அப்புறம், சக்கர நாற்காலியில் வரும் தோழிக்கு மேசை இழுப்பறையில் முழங்கால் இடித்தது. தச்சர் வந்து இழுப்பறையைக் கழற்றி, மேசைக் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினார். அது அந்தத் தோழி ஒருவருக்காகச் செய்தது. பக்கத்தில் உட்காரும் பார்வையற்ற நண்பருக்கு அந்த மேசையால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைபடிப்பான் மென்பொருள், அதுவும் இலவசம். நாம் பெயர் தேடுவது இப்படி ஆளுக்கு ஆள் மாறுவதற்குத்தான்.

என் பரிந்துரை: 'தக்க ஏற்பாடு'. ஆளுக்குத் தக்க, நிறுவனத்தின் சக்திக்கும் தக்க. அளவு மீறிய சுமை கூடாது என்று சட்டம் சொல்வதும் இதில் அடங்கிவிடுகிறது. ஏற்பாடு என்றால் அதைச் செய்ய ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். 'தக்க ஏற்பாடு கோரும் விண்ணப்பம்', 'தக்க ஏற்பாடு மறுக்கப்பட்டது' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

கூடவே வரும் 'அன்ட்யூ பர்டன்' என்பதற்கு 'மிகைச்சுமை' போதுமா? சட்டத் தமிழ் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.