யூ.டி. ஆஸ்டின்: 620 பேரில் 34-வது ரேங்க், எஸ்.ஏ.டி. 1490 — போதுமா?

டெக்சஸ்_அம்மா:
மகள் பப்ளிக் ஸ்கூலில் 11-ம் வகுப்பு முடிக்கிறாள். பள்ளி ரேங்க்கும் எஸ்.ஏ.டி. (1600-க்கான கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணும் தலைப்பில் இருக்கின்றன. யூ.டி. ஆஸ்டினில் (ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்) கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டுமாம். பள்ளி ரேங்க்கில் முதல் 10% என்றால் நேரடி இடம் என்கிறார்களே, உண்மையா?

கணக்குப்பிள்ளை:
அது டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான 1997 சட்டம். 2009-இல் திருத்தி, யூ.டி. ஆஸ்டினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள்: டெக்சஸ் மாணவர்களுக்கான இடங்களில் 75% வரை நேரடியாக நிரப்பினால் போதும். அதனால் அங்கே கோடு 6%-இல் நின்றது. 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து 5%. 620-இல் 5% என்றால் 31 பேர். பழைய கோட்டில் 37 பேர் வரை உள்ளே. உங்கள் மகள் மூன்று ரேங்க் வித்தியாசத்தில் தவறவிடுகிறாள். இன்னொரு அரசுப் பல்கலைக்கழகமான டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் 10% இன்னும் உண்டு. அங்கே 62 வரை நேரடி அனுமதி.

ஆஸ்டின்வாசி:
31-க்குள் வந்திருந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதியில்லை. நேரடி அனுமதி பல்கலைக்கழகத்துக்குத்தான், மேஜருக்கு (முதன்மைப் பாடப்பிரிவுக்கு) இல்லை. முதல் ரேங்க் பிள்ளைக்கும் வேறு மேஜர் வரலாம். உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்காதீர்கள், ரொம்பக் கடினம்.

அங்கே எஸ்.ஏ.டி. அல்லது அதே மாதிரித் தேர்வான ஏ.சி.டி. மறுபடி கட்டாயம். 1490-இல் கணக்கு எவ்வளவு? கணக்கு 790, ஆங்கிலம் 700 என்றால் விட்டுவிடலாம். கணக்கு 710, ஆங்கிலம் 780 என்றால் இந்த மேஜருக்கு மறுபடி எழுதுவது நல்லது. ஆகஸ்ட் தேர்வு மதிப்பெண் அக்டோபர் 15 முன்விண்ணப்பக் கடைசி நாளுக்குள் வந்துவிடும்.

டெக்சஸ்_அம்மா:
கணக்கு 780. எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியும் 34 ஏன்?

கணக்குப்பிள்ளை:
வெயிட்டட் ஜி.பி.ஏ. (கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி தரும் சராசரி) செய்யும் வேலை. ஏ.பி. பாடத்தில் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) ஏ வாங்கினால் 5, சாதாரணப் பாடத்தில் 4 என்று வையுங்கள். பத்து ஏ.பி. எடுத்தவருக்குச் சராசரி 5. அதோடு ஆர்கெஸ்ட்ராவும் எடுத்து அதிலும் ஏ வாங்கினால் 54-ஐ 11-ஆல் வகுத்து 4.91! கூடுதலாகப் படித்ததற்குத் தண்டனை. சில டிஸ்ட்ரிக்ட்டுகள் இதற்காகவே விருப்பப் பாடங்களை ரேங்க் கணக்கில் சேர்ப்பதில்லை. எட்டாம் வகுப்பில் எடுத்த அல்ஜீப்ரா, டூயல் கிரெடிட் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் பாடம்) இவற்றுக்கும் ஊருக்கு ஒரு விதி. கவுன்சலரிடம் டிஸ்ட்ரிக்டின் ரேங்க் விதியை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாடத்துக்கு எந்த வெயிட் போட்டிருக்கிறார்கள் என்று டிரான்ஸ்கிரிப்டோடு (மதிப்பெண் பதிவு) வரிவரியாக ஒப்பிடுங்கள். 31-க்கும் 34-க்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இரண்டாவது தசம இலக்கம்தான்.

ஆஸ்டின்வாசி:
780 போதும், கணக்குக்காக இன்னொரு தேர்வு வேண்டாம். அந்த நேரத்தை எஸ்ஸேக்கும் ப்ராஜெக்டுக்கும் கொடுங்கள். 5%-க்கு வெளியே இருப்பவர்களின் விண்ணப்பத்தை முழுதாகப் படித்துத்தான் முடிவெடுப்பார்கள். ரேங்க்கும் அதில் ஒரு வரியாக இருக்கும், கடைசித் தீர்ப்பாக இராது.